தந்தை ஏற்காத வேடம்

தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்கும் காலத்திலே தனிநடிப்புக்கு மாணவரைப் பழக்கும் பொறுப்பு என் தலையிலே விழுந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இக்காலத்துள் கர்ணனை எத்தனை முறை போர்க்களத்திலே சாகடித்திருப்பேன், கண்ணகியை எத்தனை முறை பாண்டியன் சபைக்கு அழைத்துச் சென்றிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு முறை கட்டப்பொம்மனுக்கு ஒட்டிய மீசை பாதி வசனத்திலே கழன்று விழ, அந்தப் பையன் சற்றும் கலங்காமல் மீசையைக் கையிலே பிடித்தபடியே தூக்குமேடைக்குச் சென்றான். எங்கள் ஆசிரியர் அறையிலே இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை அது. தனிநடிப்பென்றால் ஒருவன் இன்னொருவனாக மாறிக் காட்டுதல். எவ்வளவுக்கு மாறுகின்றானோ அவ்வளவுக்குப் புள்ளி. நான் கற்றதும் அதுவே, கற்பித்ததும் அதுவே.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

“சேர், இந்த முறை நானே எழுதினதைச் செய்யட்டோ?” என்றாள்.

வாங்கிப் படித்தேன். எட்டுப் பக்கங்கள். 2008ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுது. வேலை முடிந்து ஒருவர் சைக்கிளிலே வீடு திரும்புகின்றார். ஒழுங்கை முடக்கிலே மோட்டார்ச் சைக்கிளில் இருவர் காத்து நிற்கின்றனர். மூன்று வெடிகள். அவர் விழுகின்றார், தவழ்கின்றார், மனைவியின் பெயரைச் சொல்லி அழைக்கின்றார், இறக்கின்றார். சுட்டவர் யாரென்று கதையில் இல்லை. அந்நாட் பத்திரிகைகளில் அடிக்கடி வந்த ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லையே அவளும் எழுதியிருந்தாள். இறந்தவர் அவளுடைய தகப்பனார். அவளுக்கு அப்போது பத்து மாதம்.

தகப்பனாக அவளே நடிப்பதாக இருந்தது. வெடிச்சத்தத்துக்கு மேளம் வேண்டுமென்று ஓரத்திலே ஒரு குறிப்பும் இருந்தது.

“வேண்டாம், பிள்ளை. இது மத்தியஸ்தர்மாருக்குப் பிடிக்காது. கர்ணனைச் செய்வம்” என்றேன்.

அது நான் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. நானும் வெடிச்சத்தத்தினூடே வளர்ந்தவன். சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தே எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளாக நாங்கள் இருந்தோம். அந்தச் சத்தத்தை மேளத்திலே அடித்து எங்கள் மண்டபத்துக்குள் மீண்டும் கொண்டுவருவதையும், ஒரு பெண்பிள்ளை தன் தகப்பனின் சாவுக்குப் புள்ளி வாங்குவதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை வாய்திறந்து சொல்லத் துணிவின்றி மத்தியஸ்தர்மீது பழியைப் போட்டேன். அவள் ஒன்றும் பேசாமற் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய முகம் மாத்திரம் அன்றிரவு முழுவதும் என்னை விட்டுப் போகவில்லை.

இத்தகைய சாவொன்றைத் தனியொருவர் மேடையிலே நின்று எவ்வாறு சொல்லலாம், வேறு நாட்டார் எவரேனும் சொல்லியிருக்கின்றனரா என்று தேடத் தொடங்கினேன். தேடிச் சென்றவன் அமெரிக்காவிலே போய் நின்றதில் வியப்பில்லை. 2021ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டிலே துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டோர். 2020இலே அங்கு பிள்ளைகளும் பதின்வயதினரும் இறப்பதற்குரிய காரணங்களில் வாகன விபத்தை முந்திக்கொண்டு துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. உள்நாட்டு யுத்தம் எதுவும் நடவாத ஒரு செல்வ நாட்டின் கணக்கு இது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்லித்தான் நம்பவைக்க வேண்டியிருக்கின்றது.

தேடியபோது இரண்டு நாடகங்கள் என் கவனத்தை ஈர்த்தன. ஒன்று மார்ட்டின் சிம்மர்மன் எழுதி, 2017இல் நியூயோர்க்கிலே மரின் அயர்லண்ட் என்னும் நடிகை தனியே நடித்த ‘ஒன் த எக்ஸ்ஹேல்’. அதன் நாயகி ஒரு கல்லூரி ஆசிரியை. தன்னிடம் பயிலும் மாணவன் எவனாவது துப்பாக்கியோடு வந்துவிடுவானோ என்று அஞ்சுபவள். ஆனால் துப்பாக்கி வந்த இடம் அவளுடைய சின்ன மகன் படித்த பள்ளிக்கூடம். மகனை இழந்தவள் பின்னர் அந்த ஆயுதத்தையே தேடிச் சென்று, கையிலேந்தி, அதிலே ஒரு மயக்கம் கொள்கின்றாள். நாடகம் முழுவதும் அவள் தன்னையே ‘நீ’ என்று முன்னிலையில் வைத்துப் பேசுகின்றாள். கற்பனைக் கதைதான். ஆயினும், துக்கம் மனிதரை எப்போதும் நல்ல வழிக்கே கொண்டுசெல்லும் என்று நாம் பேசும் பேச்சுக்கு அது நல்ல பதில். ஆசிரியன் என்ற முறையில், வகுப்பறைக் கதவை நோக்கி அவள் அஞ்சும் அந்தப் பகுதியை நான் ஒரே மூச்சிற் படிக்க முடியாமற் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மற்றையது கற்பனையன்று. அதைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன்.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி. புளொரிடா மாநிலத்துப் பார்க்லண்ட் என்னும் ஊரிலுள்ள மார்ஜரி ஸ்டோன்மன் டக்லஸ் உயர்தரப் பாடசாலையில், அங்கு முன்னர் படித்த பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான். மாணவர் 14 பேர், பாடசாலைப் பணியாளர் 3 பேர், ஆகப் பதினேழு பேர் இறந்தனர். மேலும் பதினேழு பேர் காயமுற்றனர். துப்பாக்கியை அவன் சட்டப்படியே விலைகொடுத்து வாங்கியிருந்தான் என்பது அக்கதையின் மிகக் கசப்பான பகுதி. ஒரு மாதம் முடியுமுன்னரே, அத்தகைய துப்பாக்கியை வாங்குவதற்குரிய வயதைப் புளொரிடா அரசு 18இலிருந்து 21 ஆக உயர்த்தியது.

இறந்த மாணவருள் ஒருவன் ஹுவாக்கின் ஒலிவர். வயது பதினேழு. வெனிசுவேலாவிலே பிறந்து, மூன்று வயதிற் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தவன். இறப்பதற்கு ஓராண்டின் முன்னரே அந்நாட்டுப் பிரசையானவன். கூடைப்பந்தாட்டத்திலே உயிர். அவனுடைய ஸ்பானியப் பெயரைச் சுருக்கி நண்பர்கள் ‘குவாக்’ என்று அழைத்தனர். அந்நாட்டார் விரும்பி உண்ணும், ஆனைக்கொய்யாவை மசித்துச் செய்யும் ஒரு பண்டத்தின் பெயரும் அப்படித்தான் சுருங்கும். அன்று காதலர் தினம். தான் விரும்பிய பெண்ணுக்குக் கொடுக்கப் பூவும் கையுமாகச் சென்ற மகனைத் தகப்பனே பாடசாலையில் இறக்கிவிட்டார். பூவைக் கொடுத்த பின் என்ன நடந்ததென்று தொலைபேசியிற் சொல்லும்படி கேட்டார். மகனும் சொல்வதாகச் சொன்னான். நம் ஊரிலே தகப்பனும் மகனும் இப்படிப் பேசிக்கொள்வார்களா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். எனக்கு அந்தத் தகப்பன்மீது பொறாமையே உண்டாயிற்று. எடுக்கப்படாத அந்தத் தொலைபேசி அழைப்பு அவருடைய வாழ்வின் மீதிப் பகுதி முழுவதற்கும் காரணமாகிவிட்டது.

தகப்பனார் மனுவேல் ஒலிவர் ஓவியர். நாடகக்காரர் அல்லர், நடிப்புப் பயின்றவரும் அல்லர். அவரும் மனைவி பற்றீசியாவும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். ‘மத்தியஸ்தரை மாற்று’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. கூடைப்பந்தாட்டம் ஒன்றிலே மத்தியஸ்தர் ஒருபக்கம் சாய்ந்தபோது தகப்பனும் மகனும் பேசிக்கொண்ட பேச்சிலிருந்து பிறந்த பெயர். துப்பாக்கி வியாபாரிகளிடம் பணம் வாங்கும் அரசியலாளரே சட்டத்துக்கு மத்தியஸ்தராக இருந்தால் ஆட்டம் எப்படி நேராக நடக்கும் என்பது அவர்களுடைய கேள்வி. பல நகரங்களின் சுவர்களிலே மகனுடைய உருவத்தைப் பெரிதாக வரைந்து, வரைந்த படத்தின்மீது சுத்தியலால் ஓங்கி அடிப்பார். கொல்லப்பட்டவர் பதினேழு பேருக்கும் பதினேழு அடி. 2022ஆம் ஆண்டு அதே பெப்ரவரி 14இல், வெள்ளை மாளிகைக்கு அணித்தாக நின்ற பாரந்தூக்கி இயந்திரம் ஒன்றின்மீது ஏறி, மகனுடைய படம் பொறித்த துணியை விரித்தார். பிறகு அவ்வாண்டிலேயே ஜனாதிபதி பைடன் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில் எழுந்து நின்று குறுக்கிட்டார். இவற்றையெல்லாம் செய்தவர்தான் ‘குவாக்’ என்ற தனிநபர் நாடகத்தையும் செய்தார். ஜேம்ஸ் கிளெமன்ற்ஸ் என்பவர் எழுத்திலே துணை நின்றார்.

அந்நாடகத்தை நான் நேரிற் கண்டவனல்லேன். திரையிலே கிடைத்த துண்டுகளையும், கண்டவர்கள் எழுதியவற்றையும், அவரே அளித்த செவ்விகளையும் கொண்டு பேசுகின்றேன். மேடையிலே அவர் ஒருவரே. குடும்பத்தார் ஆளுயர உருவங்களாக வெட்டப்பட்டு நிற்கின்றனர். அவர்களைச் சபைக்கு அறிமுகம் செய்கின்றார். வெனிசுவேலாவை விட்டு வந்த கதை, மகன் விரும்பிக் கேட்ட பாட்டுகள், வீட்டுச் சண்டைகள், சிரிப்புகள். பேசிக்கொண்டே மகனின் உருவத்தை வரைகின்றார். சபையோர் பலமுறை சிரிக்கின்றனர். சாவைப் பற்றிய நாடகமென்று கைக்குட்டையோடு வந்தவர்கள், ஒரு சுட்டிப் பையன் வளர்ந்த கதையைக் கேட்டுக்கொண்டு இருக்கின்றனர். வாழ்க்கைதான் நாடகம், கொலை அதன் ஓர் ஓரத்திலே வருகின்றது.

இதனைப் படித்துக்கொண்டு போகும்போது ஓரிடத்திலே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தத் தகப்பன் மகனுடைய வேடத்தை ஏற்கவில்லை! மேடையிலே தகப்பன் தகப்பனாகவே நிற்கின்றார். மகன் நிற்க வேண்டிய இடத்திலே ஒரு படம் நிற்கின்றது. அதுவும் கண்முன்னே இப்போதுதான் வரையப்படும் படம். பதினைந்து ஆண்டுகளாக நான் மாணவருக்குப் போதித்த இலக்கணத்தின்படி பார்த்தால் அவருக்கு நடிப்பிலே புள்ளியில்லை. அவர் எவராகவும் மாறவில்லை.

பிறகு யோசித்தேன். இது அமெரிக்கர் புதிதாகக் கண்டுபிடித்ததா? கிரேக்கரின் அவல நாடகங்களிலே பெரும்பாலும் கொலை மேடையில் நிகழ்வதில்லை. உள்ளே நடந்ததைத் தூதன் வெளியே வந்து சொல்வான். இதை ஆண்டுதோறும் வகுப்பிலே படிப்பிக்கின்றேன், தேர்வுக்குரிய குறிப்பாக. நம் வீட்டு முற்றத்தையே பார்த்திருக்கலாம். ஒப்பாரி சொல்லும் கிழவி செத்தவராக மாறுவதில்லை. செத்தவரை முன்னே இருத்தி, நீ இப்படி நடந்தாயே, இப்படி உண்டாயே, இன்னதைச் சொல்லிவிட்டுப் போனாயே என்று அவரோடு பேசுகின்றாள். எப்படி இறந்தார் என்பது ஒப்பாரியிலே ஓரிரு வரி; எப்படி இருந்தார் என்பதுதான் விடியும்வரை. என் பேத்தியார் சொல்லக் கேட்ட ஒப்பாரிகளிலே மாட்டின் பெயர்கூட வரும்.

ஒலிவர் குடும்பத்தார் செய்த இன்னொரு காரியமும் உண்டு. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 14இல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஹுவாக்கின் உட்படத் துப்பாக்கியால் இறந்த சிலருடைய குரல்களை ஆக்கி, அக்குரல்கள் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தவரின் அலுவலகங்களுக்குத் தொலைபேசியிற் பேசுமாறு ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. மகன் எடுக்காத அழைப்பை இயந்திரம் எடுக்கின்றது. அவர்களைக் குறைசொல்ல நான் யார்? பிள்ளையை இழந்தவருக்கு எதுவும் அதிகமன்று. ஆனாலும், நூலிலே படித்த அந்த மேடையையும் இந்தக் குரலையும் பக்கத்திலே வைத்துப் பார்க்கும்போது, வண்ணம் உலராத அந்தப் படமே எனக்கு உண்மையாகத் தெரிகின்றது. அந்தப் படம் பேசாது. பேசாதென்பதைத் தகப்பனும் அறிவார், சபையும் அறியும்.

அடுத்த நாளே அந்த மாணவியை அழைத்து, மத்தியஸ்தர் பெயரைச் சொல்லி நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். பிறகு ஒலிவரின் கதையைச் சொன்னேன். அப்பாவாக நடிக்க வேண்டியதில்லை. மகளாக நின்று அப்பாவைப் பற்றிச் சொன்னாற் போதும் என்றேன். பெரிய உண்மையொன்றைக் கண்டுபிடித்தவன்போல நான் பேசியிருக்க வேண்டும்.

அவள் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னாள்: “அவருக்குப் பதினேழு வருஷம் மகனைத் தெரியும், சேர். எனக்கு அப்பாவை ஆளே தெரியாது. அவர் செத்ததை மட்டுந்தான் எனக்குச் சொல்லியிருக்கினம்.”

எனக்கு மறுமொழி இல்லை. துப்பாக்கி ஓர் ஆளைக் கொல்கின்றது என்று மட்டுமே நினைத்திருந்தேன். அந்த ஆளைப் பற்றி வீட்டிலுள்ளோர் பேசும் பேச்சையும் அது சேர்த்துக் கொன்றுவிட்டதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அவளிடம் இருந்த தகப்பன் ஒழுங்கை முடக்கிலே விழுந்து கிடப்பவர் ஒருவரே. அவரைத்தான் அவள் மேடையேற்ற வந்திருந்தாள்.

“அம்மாவைக் கேள், பிள்ளை” என்றேன். கேட்பது எவ்வளவு பெரிய காரியமென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் தாயார் பாடசாலைக்கு வந்தார். நடையிலே கோபம் தெரிந்தது. “நீங்களோ சேர், இவளைக் கேக்கச் சொன்னது? மூண்டு இரவாய் எனக்கு நித்திரையில்லை” என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கையைக் காட்டித் தடுத்தார். “இல்லைச் சேர். அவர் எப்பிடிச் செத்தவர் எண்டு ஊரே அவளுக்குச் சொல்லும். எப்பிடி இருந்தவர் எண்டு நானல்லோ சொல்லவேணும். சொன்னால் அழுதுபோடுவன் எண்டு பதினேழு வருஷமாய்ச் சொல்லாமலே விட்டிட்டன்.”

அன்று ஆசிரியர் அறையிலே இருந்து அவர் சொன்னவற்றுள் ஒன்றை மாத்திரம், அவருடைய அனுமதியோடு, இங்கு எழுதுகின்றேன்.

“ஒழுங்கை முடக்குக்கு வரேக்கை சைக்கிள் மணி அடிப்பார். ரெண்டு தரம். அது கேட்டவுடனை நான் கேத்திலை அடுப்பிலை வைப்பன். அவர் படலையைத் திறந்து, சைக்கிளை நிப்பாட்டி, கால் கழுவிக்கொண்டு வரத் தண்ணி கொதிக்கும். அண்டைக்கும் மணி கேட்டது, சேர். நான் கேத்திலை வைச்சிட்டன்.”

அதன் பிறகு அவர் சற்று நேரம் பேசவில்லை. தண்ணீர் முழுவதும் வற்றிக் கேத்தில் கருகும்வரை அது அடுப்பிலேயே இருந்ததாம். எடுத்து வைக்க வீட்டிலே ஒருவரும் இல்லை. எல்லாரும் முடக்குக்கு ஓடிவிட்டனர்.

கொப்பியிலிருந்த எட்டுப் பக்கத்தையும் அவள் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினாள். மேளம் போயிற்று. மோட்டார்ச் சைக்கிளிற் காத்து நின்ற இருவரும் போயினர். மேடையிலே ஒரு சிறிய மேசை, ஒரு கேத்தில், தாழ்வாரத்திலே பதினேழு ஆண்டுகளாகச் சாத்தியிருந்த சைக்கிளிலிருந்து கழற்றிய மணி. அவ்வளவே. தகப்பனுக்குப் புளியில்லாத குழம்பு இறங்காது என்பதையும், சைக்கிள் ஓடும்போது பாட்டுப் பாடாமல் அவரால் ஓட முடியாது என்பதையும், பாடும் பாட்டிலே சுருதி ஒருநாளும் சேராது என்பதையும் சபைக்குச் சொன்னாள். மகளாகத்தான் சொன்னாள். ஒத்திகைக்கு வந்திருந்த கீழ்வகுப்புப் பிள்ளைகள் சிரித்தனர். பிறகு மணியை இரண்டு தரம் அடித்தாள். மேசைக்குப் போய்க் கேத்திலை வைத்தாள். படலையைப் பார்த்தபடி நின்றாள். வசனம் எதுவும் இல்லாமல் அவ்வளவு நேரம் நிற்க வேண்டாம், சபை பொறுக்காது என்று நான்தான் முதலிலே சொன்னேன். அவள் கேட்கவில்லை.

போட்டியிலே இரண்டாம் இடம். புள்ளித் தாளைப் பின்னர் பார்த்தேன். பேச்சுத் தெளிவுக்கும் மேடைப் பயன்பாட்டுக்கும் நல்ல புள்ளிகள். பாத்திரமாக மாறும் திறன் என்ற இடத்திலே மாத்திரம் குறைத்து, ‘வேடம் ஏற்கவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். முன்பு நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். முதலிடம் பெற்றவன் ஒரு கர்ணன், நன்றாகவே செய்தான்.

தாயார் கடைசி வரிசையிலே, கதவோரமாக இருந்து பார்த்தார். அழுதாரா என்று நான் கவனிக்கவில்லை. கவனிப்பது முறையாகவும் தோன்றவில்லை. எல்லாம் முடிந்து பொருள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து கையை நீட்டினார்.

“மணியைத் தாங்கோ, சேர். இண்டைக்கே பூட்டவேணும். நாளையிலையிருந்து இவள் ரியூசனுக்கு அந்தச் சைக்கிளிலைதான் போகப்போறாள்.”